சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுகளைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: விழுப்புரம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 28 பேரை இரண்டு நாள் கல்விச் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். அதில் ஒரு முழு நாளைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கென்றே ஒதுக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டும் சேப்பாக்கம் வளாகத்துக்குப் போனோம். செனட் இல்லத்தைச் சுற்றிப் பார்த்தோம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம், பிறகு கடற்கரைக்குப் போய்விட்டோம். ஊர் திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவன், "டீச்சர், அந்தக் கட்டடங்களுக்குள்ளே தினமும் என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்டான். "ஆராய்ச்சி நடக்கிறது" என்றேன். "எதைப் பற்றி ஆராய்ச்சி?" என்று அடுத்துக் கேட்டபோது, துறைகளின் பெயர்களைத்தான் அடுக்க முடிந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆட்களாக இருப்பார்கள். பல்கலைக்கழகம் என்றால் பட்டச் சான்றிதழில் முத்திரை குத்தும் இடம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். அங்கு எத்தனை வகையான ஆய்வுகள் நடந்தன, நடக்கின்றன என்பதை அவர்கள் மனத்தில் பதியும்படி எப்படிச் சொல்வது? பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் உட்கார்ந்து கேட்கக்கூடிய நிகழ்வுகள் ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கிண்டி வளாகத்துப் பழைய மாணவன்

அம்மா, வணக்கம். உங்கள் மாணவர்கள் நினைப்பதில் வரலாற்று நோக்கில் ஓர் உண்மை இருக்கிறது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகத்தான் இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் தனக்கெனப் பேராசிரியர்களை அமர்த்தி ஆய்வுத் துறைகளை உருவாக்கியது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில்தான். ஆகவே, 'சான்றிதழ் தரும் இடம் ஆய்வு செய்யும் இடமாக எப்படி மாறியது?' என்ற கேள்வியிலிருந்தே உங்கள் சுற்றுலாவைத் தொடங்கலாம்.

சேப்பாக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் சென்ற ஆண்டின் குறை என்று நினைக்கிறேன். இந்தப் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் இல்லை. வரலாறு, பொருளியல், கணிதம் போன்றவை சேப்பாக்கத்தில். மொழித் துறைகள் மெரினா வளாகத்தில். அறிவியல் துறைகள் கிண்டியில். அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். அறிவியல் பாடம் எடுத்திருக்கும் மாணவர்களைக் கிண்டிக்கு அழைத்துவராமல் இருந்துவிடாதீர்கள்.

அங்கு சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. 1952-இல், முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் முதலில் அணுகியது சர் சி. வி. ராமனை, ராமன் தம் மாணவரான ராமச்சந்திரனைக் கைகாட்டினார். எதை ஆராய்வது என்ற தேடலில் ராமச்சந்திரன் கொலாஜன் என்னும் புரதத்தைத் தேர்ந்துகொண்டார். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருப்பது அதுதான். கிண்டி வளாகத்துக்கு எதிர்ப்புறம், சாலையைக் கடந்தால் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் பதனிடுகிறவர்களுக்குக் கொலாஜனைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். அந்த நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணில் ஊடுகதிரை (எக்ஸ்-ரே) செலுத்திப் பதிவான படங்களை வைத்துக்கொண்டு, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ஒரு வடிவத்தை முன்வைத்து, 1955-இல் அதைத் திருத்தினார்கள். கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்பதே அவர்கள் சொன்னது.

இதை மாணவர்களுக்குக் காட்டக் கரும்பலகை வேண்டாம். மூன்று கயிற்றுத் துண்டுகளை அவர்கள் கையில் கொடுத்து முப்புரியாக முறுக்கச் சொல்லுங்கள். நடுவில் இடம் எவ்வளவு நெருக்கமாகிறது என்பதை விரலால் உணர்வார்கள். கொலாஜனின் ஒவ்வோர் இழையும் அமினோ அமிலங்களைக் கண்ணிகளாகக் கொண்ட சங்கிலி. அதில் மூன்றாவது கண்ணி தோறும் கிளைசின் வருவதற்குக் காரணம் அந்த நெருக்கம்தான். அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினைத் தவிர வேறெதுவும் அந்த நடுவிடத்தில் பொருந்தாது.

கதை அதோடு முடியவில்லை. அந்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினார்கள். ராமச்சந்திரன் அந்தக் குறையையே அடுத்த ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் தொகுத்து, புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் திரும்பவே முடியாது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டார். 1963-இல் வெளிவந்த அந்த வரைபடத்தை இன்று உலகம் முழுவதும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்கிறார்கள். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிகிறவர்கள் அது சரிதானா என்று பார்க்க இன்றும் அந்தப் படத்தில்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். ஓர் எதிர்ப்பைச் சரியாக எடுத்துக்கொண்டதால் பிறந்த ஆய்வு அது. இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்; தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறைவதை மட்டுமே அவர்கள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

மறுமொழி 2: சொல்தேடி

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் மிக அருமை. ஆனால் ஆய்வு என்றதுமே ஆய்வுக்கூடத்தை மட்டும் நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. உங்கள் மாணவர்களில் கலைப்பிரிவினரும் இருப்பார்களே, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் தமிழுக்குச் செய்த மிகப் பெரிய வேலை தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி என்பது என் உறுதியான கருத்து. 1913-இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் மதுரையில் தொடங்கிய பணி அது. வின்சுலோ 1862-இல் வெளியிட்ட அகராதியைத் திருத்தி விரிவாக்குவதே தொடக்க நோக்கமாக இருந்தது. பணி வளர்ந்துகொண்டே போயிற்று. 1926-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. விடுபட்ட சொற்களுக்காகப் பின்னர் ஓர் அனுபந்தமும் வந்தது.

சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் வகுப்பறையிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். லெக்சிகன் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டில் பாட்டி சொல்லும், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தேடச் சொல்லுங்கள். உள்ளீடு கிடைத்தால் அதை வரிவரியாகப் படிக்க வையுங்கள். சொல்லின் இலக்கண வகை, வேர் பற்றிய குறிப்பு, எண்ணிட்ட பொருள்கள் ஒவ்வொன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும், அந்தப் பொருள் எந்த நூலில் எந்த இடத்தில் ஆளப்பட்டிருக்கிறது என்ற சான்று, எல்லாம் ஓரிரு வரிகளுக்குள் அடங்கியிருக்கும். சான்று நூலில் அல்லாமல் பேச்சில் மட்டும் இருந்தால் அது பேச்சு வழக்கென்றும், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதென்றால் அந்த வட்டாரமும் குறிக்கப்பட்டிருக்கும். யாழ்ப்பாணச் சொல்லுக்குத் தனிக் குறியே உண்டு. கணினி இல்லாத காலத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் ஏட்டையும் நூலையும் புரட்டி அந்த இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்பதை மாணவர்கள் உணர்ந்தால் போதும்.

பாட்டியின் சொல் அதில் இல்லாமலும் போகலாம். அப்படி நேர்ந்தால் அந்த மாணவர் பெரிய பேறு பெற்றவர். எழுதிவைக்க வேண்டிய ஒன்று அவர் கையில் இருக்கிறது.

சமஸ்கிருதத் துறையில் 1935-இல் தொடங்கிய நூற்பட்டியல் திட்டத்தையும் குறிப்பிட வேண்டும். உலகெங்கும் உள்ள சமஸ்கிருதச் சுவடிகளையும் அவற்றின் ஆசிரியர்களையும் அகரவரிசையில் பதிவுசெய்யும் பணி அது; தலைமுறை தலைமுறையாகப் பலர் செய்த வேலை. சமய ஆய்விலும் இந்தப் பல்கலைக்கழகம் தனித்து நிற்கிறது. சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், இஸ்லாம், சமணம் ஆகிய ஐந்துக்கும் இங்கே தனித்தனி ஆய்வுத் துறைகளோ மையங்களோ இருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தின் கூரைக்கீழ் இந்த ஐந்தும் கற்கப்படுகின்றன என்பதைக் கேட்டாலே மாணவர்கள் வியப்பார்கள்.

மறுமொழி 3: நெல்லும் நிலமும்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாவட்டத்தில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருவேல்பட்டு என்ற ஊர் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையின் முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று அந்த ஊரைப் பற்றியது.

1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் இங்கே பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தார். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்திலிருந்து அல்ல, கிராமத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்று கருதிய அவர், விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துத் தங்கள் சொந்த ஊர்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள், கிணறு எத்தனை, என்ன உண்கிறார்கள் என்பன போன்ற கேள்விகள். அப்படி 1916-இல் ஒரு மாணவர் எழுதியது இருவேல்பட்டு அறிக்கை. தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், வடஆர்க்காட்டுத் தூசி, ராமநாதபுரத்து வடமலைபுரம் ஆகிய ஊர்களின் அறிக்கைகளும் அதனோடு சேர்ந்து 1918-இல் நூலாக வெளிவந்தன.

இந்த ஆய்வின் உண்மையான பெருமை பிறகுதான் தொடங்குகிறது. 1930-களின் பிற்பகுதியில், அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறுஆய்வு நடத்தச் செய்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் போனார்கள். ஒரு மாணவர் விடுமுறையில் எழுதிய குறிப்பு, 90 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பிவந்து ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை ஆவணமாகிவிட்டது. 'பெரிய வீடு' என்று ஊரார் அழைத்த ஒரே குடும்பத்தின் கையில் நிலம் குவிந்திருந்த ஊர், வேளாண்மையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாத ஊராக மாறியதையும், தலித் மக்கள் நிலவுடைமையாளர்களைச் சார்ந்திருந்த நிலை தளர்ந்ததையும் இந்த வரிசை ஆய்வுகளால்தான் தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு நூற்றாண்டை அளந்து பார்க்கக்கூடிய ஊர்கள் மிகச் சிலவே.

ஆகவே உங்கள் மாணவர்களிடம் 'சென்னையில் ஆராய்ச்சி நடக்கிறது' என்று தொடங்காதீர்கள். 'நம் பக்கத்து ஊரைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது, அதைத் தொடங்கியவர் ஒரு மாணவர்' என்று தொடங்குங்கள். உங்கள் மாணவர்களுக்கும் அவருக்கும் வயதில் பெரிய இடைவெளி இருந்திருக்காது.

மறுமொழி 4: ஆய்வு மாணவி, சேப்பாக்கம்

வணக்கம், அம்மா. மற்றவர்கள் ஆய்வுகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நிகழ்வுகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தது பட்டமளிப்பு விழா. அதற்கு அழைப்பு வேண்டும். அன்று வளாகத்தில் வேறு எதையும் பார்க்கவும் முடியாது. அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. யாரோ ஒருவர் தம் தாயின் பெயராலோ ஆசிரியரின் பெயராலோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருப்பார். அதன் வட்டியிலிருந்து அறிஞர் ஒருவரை அழைத்துப் பேச வைப்பார்கள். சர் வில்லியம் மேயர் அறக்கட்டளை போன்றவை மிகப் பழையவை. அவற்றில் ஆற்றிய உரைகள் பல பின்னர் நூல்களாகியிருக்கின்றன. பெரும்பாலான சொற்பொழிவுகளுக்கு அனுமதி இலவசம். பிப்ரவரி 28 அறிவியல் நாள், டிசம்பர் 22 கணித நாள் ஆகியவற்றை ஒட்டியும் நிகழ்ச்சிகள் இருக்கும்.

ஆனால் நான் பரிந்துரைப்பது வேறு ஒன்றை. முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வை உங்கள் மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். பெயரிலேயே 'பொது' இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேட்டை ஆய்வாளர் பார்வையாளர்கள் முன்னிலையில் விளக்குவார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வி கேட்பார். பிறகு அவையில் இருப்பவர்களும் கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். நாளும் இடமும் தலைப்பும் அடங்கிய அறிவிப்பு முன்கூட்டியே துறையின் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடும்.

நான் முதன்முதலில் அமர்ந்து பார்த்த தேர்வு இன்னும் கண்முன் நிற்கிறது. ஆய்வாளர், வேலையில் இருந்தபடியே படித்த ஓர் அக்கா. முன்வரிசையில் அவருடைய கணவரும், பள்ளிச் சீருடையில் மகளும். பின்வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒரு முதியவர், அக்காவின் அப்பா. தேர்வாளர் ஓர் அட்டவணையைச் சுட்டிக்காட்டி, இந்த இரண்டு எண்களும் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டார். அக்கா சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்கே நான் எடுத்துக்கொண்ட ஆண்டு வேறு ஐயா, அதை அடிக்குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்றார். தேர்வாளர் தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டார். முடிவில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது, அந்த முதியவர் எழுந்து நின்று கைகூப்பினார். பிறகு எல்லோருக்கும் இனிப்பும் மிக்சரும் தேநீரும் வந்தன. கேள்விக்கு அஞ்சாமல் பதில் சொல்வதும், தவறை அவையில் ஒப்புக்கொள்வதும், அதனால் மதிப்புக் குறையாமல் இருப்பதும் ஒரே இடத்தில் காணக் கிடைக்கும் நிகழ்வு இது. உங்கள் மாணவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் மனமார நம்புகிறேன்.

கணித மாணவர்கள் இருந்தால், சேப்பாக்கம் வளாகத்திலேயே இருக்கும் ராமானுஜன் உயர்கணித நிறுவனத்தைத் தவறவிடாதீர்கள். 1950-இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தொடங்கப்பட்டது அது. ராமானுஜன் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர். பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார்.

கேள்வி கேட்டவர்: விழுப்புரம் ஆசிரியை

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இருவேல்பட்டு செய்தியை நேற்று வகுப்பில் சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி சட்டென்று எழுந்து, தன் அம்மாவைப் பெற்ற ஆயா அந்த ஊர்தான் என்றாள். 'பெரிய வீடு' என்ற சொல்லை ஆயா வாயால் பலமுறை கேட்டிருக்கிறாளாம். கில்பர்ட் ஸ்லேட்டர் கொடுத்த கேள்விகளைப் போல நாமே ஒரு பட்டியல் தயாரித்தால் இந்தப் பொங்கல் விடுமுறையில் கேட்டு எழுதிவருவதாக அவளே முன்வந்தாள். இன்று காலை வரை வகுப்பு முழுவதும் சேர்ந்து 19 கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. 'ஒரு நாள் கூலி நெல்லாகவா, காசாகவா?' என்பது முதல் கேள்வி.

ஆய்வு மாணவிக்கு ஒரு வேண்டுகோள். பொது வாய்மொழித் தேர்வுக்கு 28 பேரை அழைத்துவந்தால் ஆய்வாளருக்கு இடையூறாக இருக்குமா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

மறுமொழி 5: ஆய்வு மாணவி, சேப்பாக்கம்

இடையூறே இல்லை, அம்மா. அவை நிறைந்திருந்தால் ஆய்வாளருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆயினும் அறையின் அளவைப் பொறுத்து 14 பேராகப் பிரித்து இரண்டு தேர்வுகளுக்கு அனுப்புவது நல்லது. பள்ளியின் முகவரித்தாளில் தலைமையாசிரியர் கையெழுத்துடன், மாணவர் பெயர்ப் பட்டியலை இணைத்து, துறைத்தலைவருக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கடிதம் அனுப்புங்கள். நுழைவாயிலில் காட்ட அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தேதிகள் கடைசி நேரத்தில் மாறக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த 19 கேள்விகளையும் வரும்போது கொண்டுவாருங்கள். பொருளியல் துறையில் அவற்றை உட்கார்ந்து படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.